பானெட்டில் ஆறு பிக்சல்

1. இடது பக்கத்து ஸ்டீரிங்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் காட்டிய கார் உண்மையில் ஓடியிருந்தால், டிரைவரின் முழங்கால் இன்ஜினுக்குள் இருந்திருக்கும். கம்ப்யூட்டர் திரையில் அது பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளை அம்பாசடர். ஸ்டீரிங் இடது பக்கம். முன் சக்கரம் இருக்க வேண்டிய இடத்துக்கு அரை அடி பின்னால். பின் கதவைத் திறந்தால் மட்கார்டில் இடிக்கும்.

"யாரம்மா இதை வரைஞ்சது?" என்றேன்.

"நான்தான் சார். வரையல, மாடல் பண்ணேன்" என்றாள் ஷாலினி. இருபத்து நான்கு வயது. கெட்டிக்காரி.

"இந்தக் காரை நேர்ல பாத்திருக்கியா?"

"எங்க மாமாவே வச்சிருக்காரு சார்."

"அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டறார்?"

கண்ணை மூடி யோசித்தாள். வலது கை தானாக உயர்ந்தது. "ஐயோ!" என்றாள்.

அதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் பஸ் பாடி கட்டும் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். அந்தத் தொழிற்சாலையை மூடிய பிறகு, ஐம்பத்து மூன்று வயதில், கிண்டியில் இருந்த இந்த ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கார் ரேஸ் வீடியோ கேம் தயாரித்துக்கொண்டிருந்தது. அதில் ஓடும் கார்களை மட்டும் செய்து தரும் வேலை இங்கே வந்திருந்தது. இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டிய காலம். என் பதவிக்கு 'ரெஃபரென்ஸ் இன்சார்ஜ்' என்று பெயர். பிள்ளைகள் செய்யும் கார், நிஜக் காரைப் போல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் ஒரு கதவுப்பிடிகூட கிளையண்டுக்குப் போகாது.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். கையில் டேப், வெர்னியர், பென்சில். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

2. அறுபத்து நான்கு கார்

கிளையண்ட் அனுப்பிய பட்டியலில் அறுபத்து நான்கு கார்கள். இத்தாலியில் செய்த இரண்டு இருக்கைக் கார், ஜெர்மன் சலூன், ஜப்பானின் சின்னக் கார், அமெரிக்காவின் பிக்கப், லண்டனின் கறுப்பு டாக்ஸி, ஸ்வீடனில் குடும்பத்தோடு போகிற நீளக் கார். அந்த விளையாட்டின் அழகே இதுதான் என்று எனக்குத் தோன்றியது. உலகத்தில் ஒரு சிலர் மட்டும் ஓட்டுகிற காரும், அடுத்த வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் போகிற காரும் ஒரே கராஜில் நிற்கும். எதை எடுத்து ஓட்டுவது என்பது ஆடுபவர் இஷ்டம்.

ஆனால் ஸ்டூடியோவில் இரண்டு பந்தி. 'இன்டர்நேஷனல்' பந்தியில் இருக்கும் ஒரு காருக்கு மூன்று வாரம் கொடுத்தார்கள். 'எவ்ரிடே' பந்தியில் இருக்கும் காருக்கு இரண்டே நாள். இத்தாலியக் காரின் சீட் தையலைக்கூட ஒரு பையன் நான்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தான். அந்தக் காரை அவன் வாழ்நாளில் தொட்டதில்லை. தினமும் அவனை இடித்துக்கொண்டு போகிற அம்பாசடருக்குத்தான் இடது பக்கம் ஸ்டீரிங்.

மேனேஜர் தினகரிடம் போனேன். என் மகன் வயதுதான் அவருக்கு.

"சார், ரேஸ் கேம்ல போய் யாரு சார் அம்பாசடர் ஓட்டுவாங்க?" என்றார்.

"அப்போ எதுக்கு லிஸ்ட்ல இருக்கு?"

"கலர்ஃபுல்லா இருக்கணுமாம். லண்டன் டாக்ஸி இருக்கு, இந்தியா டாக்ஸியும் வேணும்னு கேட்டாங்க. சும்மா ஒரு ஃபன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தேசமே பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் சுடுகாட்டுக்கும் ஏறிப் போன வண்டி, சும்மா ஒரு ஃபன்னாம்! அன்றைக்கே சொன்னேன்: "இந்த ஒரு காரை எங்கிட்ட விடுங்கோ. ஒரு ஸ்க்ரூ தப்பா இருந்தா என்னை வீட்டுக்கு அனுப்புங்கோ."

அந்தக் கோபம் நியாயமானது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். பிறகு நான் செய்ததில்தான் நியாயம் இல்லை.

3. தென்னேரிக் கரையில்

எங்கள் ஊர் கார் ஸ்டாண்டில் கோவிந்தன் என்று ஒரு டாக்ஸிக்காரன். நெசவுக் குடும்பம், இவன் மட்டும் தறியை விட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தவன். அவனுடைய அம்பாசடரைப் போல் பராமரித்த வண்டியை நான் பார்த்ததில்லை. பின் ஜன்னல்களுக்கு, நெய்யும்போது பழுதாகிப்போன பட்டுத் துண்டில் திரை தைத்திருந்தான். மஞ்சள் உடம்பு, அரக்கு பார்டர். இடது பின் மட்கார்டில் மாட்டு வண்டி இடித்த ஒரு பள்ளம். பானெட்டின் நடுவில் அவனே தன் கையால் எழுதிய நாமம். வருஷா வருஷம் புரட்டாசிக்கு முன்னால் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதிதாக எழுதுவான்.

ரெஃபரென்ஸ் போட்டோவுக்கு வண்டி வேண்டும் என்றேன்.

"என் வண்டியா? கம்ப்யூட்டர்லயா? அமெரிக்காக்காரன்லாம் ஓட்டுவானா சார்?"

"ஓட்டுவான்."

"கிளட்ச்சைப் பாத்து மிதிக்கச் சொல்லுங்க சார். இப்பத்தான் மாத்திக்கினு வந்தேன்."

இந்த மாதிரி போட்டோவுக்கு வெயில் ஆகாது. பெயிண்டில் கட்டடத்தின் நிழல் விழக்கூடாது, மரம் தெரியக்கூடாது. மேல் முழுக்க ஒரே நிற வானம் வேண்டும். அதனால் மேகம் மூடிய ஒரு நாள், தென்னேரி ஏரிக்கரைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனோம். அன்றைய சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தான். நான் கேமராவோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நான் அளக்கும்போதெல்லாம் டேப்பின் மறுமுனையைப் பிடித்தான். வீல்பேஸ், கண்ணாடியின் சாய்வு, பம்பரின் உயரம், எல்லாம் எடுத்தோம். இன்ஜின் சத்தத்தை டேப் ரெக்கார்டரில் பிடித்தோம். பேச்சு சத்தம் விழக்கூடாது என்று சொல்லியிருந்தேன். மூச்சையே அடக்கிக்கொண்டு நின்றான்.

"சார், இந்தப் பள்ளத்த மட்டும் எடுக்காதீங்க. அசிங்கமா இருக்குது" என்றான்.

"உள்ளது உள்ளபடி இருக்கணும்ப்பா" என்றேன்.

அப்படிச் சொன்ன வாய்தான் இது.

4. ஷாலினி கேட்ட கேள்வி

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வைணவர்களில் இரண்டு பிரிவு. தென்கலை நாமத்துக்குக் கீழே மூக்கின் மேல் இறங்குகிற பாதம் உண்டு. வடகலை நாமத்துக்குப் பாதம் கிடையாது. அடிப்பக்கம் வளைந்து முடிந்துவிடும். தெரியாதவர்களுக்கு இது ஒரு விரலகலக் கோடு. எங்கள் ஊரில் அந்த விரலகலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டோடு பேசாமல் செத்துப்போனவர்களும் உண்டு. நான் வடகலை. கோவிந்தன் வண்டியில் இருந்தது தென்கலை நாமம்.

காருக்கு மேல் ஒட்டுகிற படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். முழுக் காரும் ஒரு சின்னச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அதற்கு மேல் தாங்காது. அதில் நாமத்துக்குக் கிடைத்த இடம் இருபது பிக்சல், அதாவது இருபது புள்ளி, உயரம்.

தினகர் முதலில் நாமமே வேண்டாம் என்றார். "சாமி சமாச்சாரம்லாம் எதுக்கு சார்? பிளெயினா விடுங்க."

"அது இல்லேன்னா அது காஞ்சிபுரத்து டாக்ஸி இல்லை. நெற்றியைக் காலியா விட்டு அனுப்பறதா?" என்று சண்டை போட்டேன். வாரக்கணக்கில் விடாமல் வாதாடி ஜெயித்தேன்.

ஜெயித்த மறுநாள் ஷாலினி என்னைக் கூப்பிட்டாள். "சார், இந்த ஃபோர்க் மாதிரி லோகோ..."

"லோகோ இல்லம்மா. நாமம்."

"சாரி சார். அதோட அடிப்பக்கம் போட்டோல பிளர் ஆயிருக்கு. கீழ ஒரு வால் மாதிரி வருதா, இல்ல ரவுண்டா முடியுதா? எனக்கு ஒரு ஆறு பிக்சல்தான் சார். எப்படி வேணா போடுவேன், நீங்க சொல்லுங்க."

என் மேஜை டிராயரில் ஒரு தெளிவான போட்டோ இருந்தது. பாதம் அதில் நன்றாகத் தெரியும். எழுந்து போய் எடுத்துக் கொடுக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

"ரவுண்டாத்தான் முடியும்" என்றேன்.

ஏன் சொன்னேன்? யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உலகம் முழுக்க ஓடப்போகிற கார். கராஜில் இத்தாலியக் காருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிற கார். அதன் நெற்றியில் எங்கள் நாமம் இருக்கட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். கதவு இடுக்கு மூன்று மில்லிமீட்டர் தப்பு என்று பிள்ளைகளை அழ வைத்தவன், பள்ளத்தைக்கூட மறைக்க விடாதவன், ஆறு பிக்சலில் பொய் சொன்னேன். சொல்லிவிட்டு, பெரிய காரியம் செய்தவன் போல் சந்தோஷமாகப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். கையெழுத்தும் போட்டேன்.

5. மோதினால் மார்க்

மாடல் போனது. கிளையண்ட் பாராட்டினார்கள். 'எவ்ரிடே' பந்தியிலேயே சிறந்த கார் இதுதான் என்றார்கள். நாலைந்து மாதம் கழித்து தினகர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முடிவடையும் நிலையில் இருந்த விளையாட்டு. இத்தாலியக் கார் ஒரு நகரத் தெருவில் பறந்து வருகிறது. எதிரே வெள்ளை அம்பாசடர், மெதுவாக, சரியாக இடது ஓரம் பிடித்து வருகிறது. இத்தாலியக் கார் அதைத் தூக்கி அடிக்கிறது. அம்பாசடர் மூன்று குட்டிக்கரணம் போட்டுக் கவிழ்கிறது. திரையில் மார்க் ஏறுகிறது.

"என்ன இது?"

"டிராஃபிக் கிளாஸுக்கு மாத்திட்டாங்க சார். ஓட்டற கார் இல்ல, மோதற கார்."

"ஏன்?"

"மோதறதுக்கு ஏதாவது கார் வேணுமில்ல சார்? அந்த ஃபாரின் கம்பெனிங்க, எங்க காரை உடையற மாதிரி காட்டாதேன்னு கண்டிஷன் போட்டுட்டாங்க. இதுக்குக் கேக்க ஆள் இல்ல. இதோட ரோலிங்குதான் டெஸ்ட்ல எல்லாருக்கும் பிடிச்சுதாம். நீங்க குடுத்த சஸ்பென்ஷன் டேட்டா அவ்வளவு கரெக்ட்டாம்."

லீஃப் ஸ்பிரிங் எப்படிச் சாயும், எந்த வேகத்தில் பின்பக்கம் தூக்கும் என்று நான் ராப்பகலாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தது, அழகாகக் கவிழ்வதற்குத்தான் பயன்பட்டது. நான்கு பக்கம் எதிர்ப்பு எழுதினேன். லண்டன் டாக்ஸி மட்டும் ஏன் ஓட்டுகிற பந்தியில் இருக்கிறது என்று கேட்டேன். தினகர் அதை அனுப்பினாரோ இல்லையோ தெரியாது. 'அருமையான கருத்து, நன்றி' என்று ஒரே ஒரு வரி பதில் வந்தது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஒரு பங்கு பொய்க்கோபம். தேசத்தின் கார் என்று கத்தினேன். உள்ளுக்குள் நினைத்தது வேறு. நானே வைத்த எங்கள் நாமத்தை ஊர் உலகமெல்லாம் மோதிக் கவிழ்க்கப் போகிறது! இதை வெளியே சொல்ல முடியவில்லை.

6. சாட்சி

விளையாட்டு வெளிவந்து ஒரு வருஷம் இருக்கும். எங்கள் ஊரில் மணவாளன் என்று ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். தென்கலைக் குடும்பங்கள் ஏழெட்டைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு திவ்யதேசக் கோயிலுக்குப் போவார். வண்டி எப்போதும் கோவிந்தனுடையதுதான். ஒரு நடையில் முடியாவிட்டால் இரண்டு நடை அடிப்பான். அந்தச் சனிக்கிழமைகளும் புரட்டாசி மாசமும்தான் அவன் வீட்டுச் சோறு.

மணவாளனின் மகன் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவன், அந்த விளையாட்டின் சிடியைக் கொண்டுவந்திருக்கிறான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மஞ்சள் பட்டுத் திரை. மட்கார்டில் பள்ளம். நம்பர் பிளேட்டைத்தான் மாற்றியிருந்தோம். மற்றது எல்லாம் அச்சு அசல். ஆட்டத்தை நடுவில் நிறுத்தி நாமத்தைப் பார்த்திருக்கிறார்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். கூடத்தில் ஏழெட்டுப் பேர் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். கோவிந்தன் நிலைப்படிக்கு வெளியே, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாரும் ஓய். நீர் இந்தக் கம்பெனிதானே?" என்றார் மணவாளன். "இது இவன் வண்டியா, இல்லையா?"

"இவன் வண்டிதான்."

"பள்ளம்?"

"இருக்கு."

"திரை?"

"அதுவும் இவனோடதுதான்."

"அப்போ நாமம் மட்டும் எப்படிய்யா வடகலை ஆச்சு?"

கோவிந்தன் குறுக்கிட்டான். "ஐயா, பாதம் வச்சுதான் எழுதிக்கினு வரேன். எங்க வூட்டுல எங்கப்பா காலத்துலேர்ந்து அந்த நாமந்தான். வண்டி வெளிய நிக்குது, வந்து பாருங்க."

"இப்போ இருக்குடா. பெயிண்ட் புதுசா பளபளன்னு இருக்கே, அதைத்தான் கேக்கறேன். நாங்க கூப்ட்டா பாதம் வச்சு எழுதறது, அவா கூப்ட்டா தேய்ச்சுட்டு வளைச்சு எழுதறது. அப்படித்தானே?"

"வருஷா வருஷம் எழுதறதுதான் ஐயா! உங்களுக்கே தெரியும். பெருமாள் சத்தியமா..."

"பெருமாளை இழுக்காதே."

பின்னால் இருந்து ஒருவர், "ஆளுக்கேத்த நாமம்! இனிமே வைபர் மாதிரி ஒரு சுவிட்ச் வச்சுக்கோடா, தட்டினா மாறும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தன் என்னைப் பார்த்தான்.

"சார், நீங்க சொல்லுங்க சார். நீங்கதான போட்டோ புடிச்சீங்க. அன்னிக்கி தென்னேரில இன்னா நாமம் இருந்துது?"

மணவாளனும் என் பக்கம் திரும்பினார். "நீர் படிச்சவர். கலை வித்தியாசம் பாக்காம சொல்லும். கம்ப்யூட்டர் இதை மாத்தியிருக்குமா?"

அந்தக் கூடத்தில் என்னைத் தவிர எல்லோரும் தென்கலை. ஆமாம் ஐயா, மாற்றச் சொன்னது நான் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்துக்கே கெட்ட பெயர். ஊர் முழுக்கச் சிரிக்கும். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். இதெல்லாம் அன்றைக்கு எனக்குக் காரணமாகத் தெரிந்தது.

"கம்ப்யூட்டர் தானா எதையும் மாத்தாது" என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

"கேட்டயா?" என்றார் மணவாளன். கோவிந்தன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளமும் திரையும் அவ்வளவு துல்லியமாக இல்லாதிருந்தால், நாமத்தை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 'ஏதோ பொம்மைக் கார், ஏதோ நாமம்' என்று போயிருப்பார்கள். நூறு இடத்தில் உண்மையாக இருந்ததால்தான் அந்த ஒரு பொய் செல்லுபடியானது. என் திறமையைக் கொண்டே அவனைக் கவிழ்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை மணவாளன் கோஷ்டி வேறு வேனில் போனது. அதோடு விட்டதா? சமாசாரம் எங்கள் தெருவுக்கும் வந்தது. எங்கள் ஆட்களுக்கு வேறு கோபம். "நம்ம நாமத்தைப் போட்டுண்டு, மோதி உருட்டறதுக்கு வண்டியைக் குடுத்திருக்கான் பாரு!" என்றார்கள். எப்போதாவது அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் தெருக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். தென்கலைக்காரர்களுக்கு அவன் கட்சி மாறினவன். வடகலைக்காரர்களுக்கு அவமானப்படுத்தினவன். அவன் செய்ததெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்ததுதான்.

அந்தப் புரட்டாசி முழுக்க அவன் வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது. பிறகு ஒரு நாள் வண்டியையும் காணோம்.

7. யாரும் கேட்காதது

மணவாளன் வீட்டில் அப்படிச் சொன்னதிலிருந்து ஏழு மாதம் கழித்து, வாலாஜாபாத்தில் ஒரு டீக்கடை முன்னால் அந்த அம்பாசடரைப் பார்த்தேன். பானெட் மொட்டையாக இருந்தது. நாமத்தைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தான். மற்ற இடத்தைவிட அது மட்டும் கொஞ்சம் அதிக வெள்ளை. பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

டீக்கடை பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டிராயரில் இருந்த போட்டோ வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. டீயை முழுசாகக் குடித்து முடித்தான்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார்."

"எப்படி?"

"வேற யாரு சார்? எழுதனது நான். புடிச்சது நீங்க. நான் மாத்தல. அப்புறம் யாரு மிச்சம்?"

"ஏன் அப்பவே சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

மன்னித்துவிடு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க கிட்டப் போயி சொல்லுங்க."

அந்தச் சனிக்கிழமை விடிகாலை மணவாளன் வீட்டு வாசலில் வேன் நின்றது. கோஷ்டி முழுக்க ஏறத் தயாராக இருந்தது. அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். மணவாளனுக்கு முகம் சிவந்தது. "பாத்தேளா! இதான் வடகலை புத்தி! ஆறு பிக்சலாம்! ஆறு பிக்சல் கிடைச்சாக்கூட விடமாட்டா!" என்றார். அந்தக் கம்பெனிக்கு எழுத வேண்டும் என்றார் ஒருவர். கோர்ட்டுக்குப் போனால் என்ன என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் கத்தினார்கள். நான் தலை குனிந்து நின்றேன். அது எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் அந்த அரை மணியில் கோவிந்தன் என்ற பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் நானே எடுத்தேன்.

"அவன் பேரில தப்பு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே. இனிமே அவனைக் கூப்பிடலாமே?"

"அவனா?" என்றார் மணவாளன். "அவன்தான் இப்போ நாமத்தையே சுரண்டிட்டானாமே. மொட்டை வண்டியில ஏறிண்டு பெருமாளைச் சேவிக்கப் போறதா?"

வேன் கிளம்பிவிட்டது.

எங்கள் தெருவுக்கு வந்து இங்கேயும் சொன்னேன். இங்கே திட்டுவார்கள் என்று நினைத்தேன். அதைவிடக் கேவலம் நடந்தது. "நம்ம நாமத்தை அமெரிக்கா வரைக்கும் கொண்டு போயிட்டேளே, பேஷ்!" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓட்டுகிற காராக இருந்திருந்தால் இன்னும் விசேஷம் என்றார். என் ஆயுளில் கிடைத்த பாராட்டுகளில், வீட்டுக்குப் போனதும் கை கழுவத் தோன்றியது அது ஒன்றுதான்.

மறுநாள் வாலாஜாபாத் போனேன். கோவிந்தன் வண்டிக்குள் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொன்னீங்களா சார்?"

"ரெண்டு பக்கத்திலயும் சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

மணவாளன் கோஷ்டி திட்டியதைச் சொன்னேன். எங்கள் தெருவில் கை குலுக்கியதையும் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"என்னப் பத்தி எதுனா கேட்டாங்களா?"

வருத்தப்பட்டார்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்லப்பா. யாரும் கேக்கலை" என்றேன்.

"செரி சார்" என்றான்.

தொழிற்சாலையில் சங்கு ஊதியது. யூனிஃபார்ம் போட்ட நான்கு பெண்கள் ஓடி வந்து ஏறினார்கள். "அண்ணே, இன்னிக்காவது ஏசி போடுங்கண்ணே" என்றாள் ஒருத்தி.

"கண்ணாடிய எறக்கும்மா. அதான் ஏசி" என்று சொல்லிவிட்டுக் கோவிந்தன் கியரைப் போட்டான். அவன் அதற்கப்புறம் கார் ஸ்டாண்டுக்குத் திரும்பவே இல்லை.

இப்போதெல்லாம் இந்தத் தொழிலில் ஒரு காருக்கு நாங்கள் நினைத்தே பார்க்காத அளவு பிக்சல் கொடுக்கிறார்கள். பானெட்டில் உட்கார்ந்த தூசிகூடத் தெரியும். நல்லதுதான். ஆனால், 'இது எப்படி இருக்கும்?' என்று யாராவது உங்களைக் கேட்டால், எப்படி இருந்தால் உங்களுக்குப் பெருமை என்று பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். எழுந்து போய் போட்டோவை எடுத்து வாருங்கள். அப்படியும் தவறிவிட்டால், ஒருவன் உங்களைப் பார்த்து 'நீங்க சொல்லுங்க சார்' என்று சொல்கிற நிமிஷம் வரும். அந்த நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள்.

'நான்தான் மாற்றச் சொன்னேன்.' மூன்றே வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் ஒருவன் தன் கையால் எழுதியதைத் தன் கையாலேயே சுரண்டிவிட்டான்.